‘பாடியவர்’ என்ற கட்டம்

என் ஒலிப்பதிவு நோட்டில் 7-2-1982, ஞாயிறு என்ற தேதியின் கீழ் இப்படி இருக்கிறது: “கோம்பை. பள்ளிக்கூட வகுப்பறை. ஏலக்காட்டு வேலைக்குப் போகும் பெண்கள் ஐந்து பேர். கும்மிப் பாட்டு, ஐந்து கண்ணி. 6 நிமிடம் 40 விநாடி. பாடியவர்: நடுவில் நின்றவர்.” நடுவில் நின்றவரின் பெயரையும் எழுதி அடிக்கோடிட்டிருக்கிறேன். அந்தப் பெயர் முறையாக இருக்க வேண்டிய இடம் நான் பிறகு அச்சிட்ட புத்தகம், அங்கே இருக்கிறது. இந்தக் கட்டுரையில் என் பெயர் உட்பட யார் பெயரும் வேண்டாம் என்று வைத்துக்கொண்டேன்.

நோட்டில் ஐந்து கட்டங்கள்: நாள், இடம், பாட்டு, பாடியவர், நேரம். 1967இல் முதல் டேப் ரெக்கார்டர் வாங்கிய அன்று அடிக்கோல் வைத்துக் கிழித்தவை. பதினைந்து வருடமாக அவற்றில் ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ எனக்குத் தோன்றவில்லை.

அதற்கு முன் நான் சின்னமனூரில் மைக் செட் வைத்திருந்தேன். 1963இல் தொடங்கியது. இரண்டு குழாய், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு கிராமபோன் பெட்டி. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை. எந்த வீட்டில் எந்தத் தட்டு போட்டேன் என்று அப்போதே எழுதி வைப்பேன். போன கல்யாணத்தில் போட்ட பாட்டையே எங்கள் வீட்டுக்கும் போட்டாய் என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. தட்டின் ஒரு பக்கம் ஓடி முடிய மூன்று நிமிடம் ஆகும். அந்த மூன்று நிமிடத்தில் புத்தகத்தில் ஒரு பக்கம் படிப்பேன். நூலகத்துப் புத்தகங்களில் பாதியை அப்படித்தான் முடித்தேன். பழைய பாடல் தொகுப்புகளை உரையோடு படித்ததும் கல்யாணப் பந்தலுக்குப் பின்னால் உட்கார்ந்துதான்.

ஸ்பூல் டேப் ரெக்கார்டர் போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரியிடம் பழையதாகக் கிடைத்தது. முதலில் விளையாட்டாகப் பதிந்தேன். 1980இல் இரண்டு கேசட் டெக் வாங்கிய பிறகு அதுவே தொழிலாயிற்று. பாட்டுத் தேடுவது, ஆளைச் சேர்ப்பது, பதிவது, படி எடுப்பது, அட்டை அடித்துத் தேனியிலும் கம்பத்திலும் கடைக்குக் கொடுப்பது எல்லாம் நானே. அட்டையில் ‘தயாரிப்பு’ என்று என் பெயரைப் போட்டுக்கொள்வேன். ஊரில் எனக்கு ‘கேசட்டுக்காரர்’ என்று பெயர்.

பதிவுக்கு நேரம் பார்ப்பதுதான் பெரிய வேலை. சுற்று வயல்களில் மோட்டார் ஓடினால் வோல்டேஜ் இறங்கும். டேப் மெதுவாகச் சுற்றும். பிறகு சரியான வோல்டேஜில் போட்டுக் கேட்டால் நாற்பது வயதுப் பெண் குரல் குழந்தைக் குரலாகக் கீச்சிடும். அதனால் மோட்டார்களுக்கு மின்சாரம் நிறுத்தும் நேரத்தை விசாரித்துவிட்டுத்தான் போவேன். கோம்பையில் அன்று காலை பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை கிடைத்தது. ஞாயிறு என்பதால் ஏலக்காட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப் மலைக்குப் போகவில்லை. பெண்கள் வீட்டில் இருந்தார்கள்.

ஐந்து பேரும் கும்மி தட்டாமல் பாட முடியாது என்றார்கள். தட்டினால் மைக் அதிரும். கடைசியில் ஆளுக்கு ஒரு துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு தட்டினார்கள். நடுவில் நின்றவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். முடிந்ததும் நோட்டைத் திறந்தேன். ஐந்து குரலில் முன்குரலின் பெயர் எனக்கு வேண்டும்.

“இந்தப் பாட்டு யாரு பாடுனதும்மா?” என்று கேட்டேன்.

“நான் பாடுனதுதாண்ணே,” என்றார் நடுவில் நின்றவர். “வேற யாரு பாடுவா? இவளுகளா? இவளுக வாயத் தொறந்தா வெத்தல மணம்தான் வரும்.”

மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு ‘பாடியவர்’ என்ற கட்டத்தில் அவர் பெயரை எழுதினேன்.

கேசட் அந்தச் சித்திரையில் வெளிவந்தது. அட்டையின் மேல்புறம் ‘நாட்டுப் பாடல்கள்’. உள்புறம் எட்டுப் பாட்டுகளின் முதல் வரியும், எதிரில் பாடியவர்களின் பெயரும். இயற்றியவர் என்ற ஒன்று நாட்டுப் பாடலுக்கு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கோம்பைப் பாட்டு நன்றாகப் போயிற்று. கம்பத்தில் டீக்கடைகளில் ஓடிக்கொண்டிருந்ததை நானே கேட்டிருக்கிறேன்.

1984 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோம்பையில் நடுவில் நின்றவர் என் கடைக்கு வந்தார். கூட அவருடைய மூத்த மகள். அவர் முந்தானையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து மேஜையில் வைத்தார். என்னுடையது அல்ல. மதுரையில் ஒரு கேசட் கம்பெனி வெளியிட்டது. அதே கும்மிப் பாட்டு, ஆர்மோனியம், தபேலா சேர்த்து, மேடைப் பாடகி ஒருவர் குரலில். அட்டையில் ‘பாடல் இயற்றியவர்’ என்று ஓர் ஆண் பெயர்.

“வாசிடி,” என்றார் மகளிடம். மகள் வாசித்தாள்.

“இந்த ஆளு யாருண்ணே? எங்கூட ஏலக்கா பறிச்சாகளா?”

நான் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு, படித்தவன் சொல்லக்கூடியதைச் சொன்னேன்: “நாட்டுப் பாட்டுன்னா ஊருக்கே பொதும்மா. ஒருத்தருக்குன்னு சொந்தம் கிடையாது.”

“ஊருக்குப் பொதுன்னா அந்த ஆளு பேரு எதுக்கு?”

நான் கேசட்டை மேஜையில் வைத்தேன்.

“நீங்க கேட்டீக. யாரு பாடுனதுன்னு கேட்டீக. நான் பாடுனதுன்னு சொன்னேன். நாலு பேரு காதுபடச் சொன்னேன். பெறகும் பேரு மாறுதுன்னா என்ன எழுதுனீக?”

“பாடியவர்னு உங்க பேருதாம்மா போட்டிருக்கேன். பாருங்க.”

“அப்பப் பெறகு?”

சில நிமிடம் இருவரும் ஒருவருக்கொருவர் புரியாமல் பேசிக்கொண்டிருந்தோம். மகள்தான் புரிந்துகொண்டாள். “அம்மா, சார் நீ வாயால பாடுனதச் சொல்றாரு. சார், அம்மா தான் கட்டுன பாட்டுன்னு சொல்லுது.”

அவர் பேச்சில் பாட்டைப் பாடுவது என்றால் உண்டாக்குவது. பிறர் பாட்டைச் சொல்வதற்கு ‘படிக்கிறது’ என்பார். “அவ எம்பாட்டப் படிப்பா” என்று சொல்வாரே தவிர, பாடுவா என்று சொல்ல மாட்டார். இது எனக்குத் தெரியாத வழக்கு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. என் அலமாரியில் இருந்த பழைய தொகுப்புகளில் ஒவ்வொரு பாட்டின் அடியிலும் ‘பாடியவர்’ என்று ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைப் படிக்கும்போது ஒரு தடவைகூட, இவர் மைக் முன்னால் நின்றவர் என்று நான் நினைத்ததில்லை. புலவர் என்றால் ஒரு பொருள், ஏலக்காட்டுக்குப் போகிற பெண் என்றால் வேறு பொருள் என்று நானாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். மதுரைக்காரர்களிடம் ஏதாவது கேட்டு வாங்க வேண்டுமோ என்று நினைத்தேன். அது இல்லை.

“ஜீப்புல என்னைய கேலி பண்றாளுக. புதுசா தேவாரம் ஊருல இருந்து வாரவளுக. ‘கேசட்டுப் பாட்டக் காப்பியடிச்சிட்டுத் தன் பாட்டுங்கிறா’ன்னு. பதினாலு பேரு ஒக்காந்திருக்கிற வண்டியில. ரெண்டு மாசமா நான் வாயத் தொறக்கல.” கொஞ்சம் நிறுத்தி, “எம்பாட்டுன்னு ஒரு எழுத்து வேணும். அச்சுல வேணும். அந்த ஆளுக்கு அச்சுல இருக்குல்ல,” என்றார்.

மறுநாளே கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். பதினோராம் நாள் பதில் வந்தது. மரியாதையான கடிதம். என் கேசட் அட்டையிலேயே ‘நாட்டுப் பாடல்கள்’ என்று அச்சாகியிருப்பதால் உரிமை என்ற பேச்சு எழவில்லை என்றும், தங்கள் கவிஞர் பாட்டைச் செப்பனிட்டிருப்பதால் அவர் பெயர் இடப்பட்டதாகவும் எழுதியிருந்தார்கள். மாற்றுக் கருத்துக்கு அச்சில் ஆதாரம் இருந்தால் அடுத்த முறை அட்டை அடிக்கும்போது கவனிப்பதாகவும் இருந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. அவர்கள் காட்டிய ஆதாரம் நான் அடித்த அட்டை.

அச்சில் ஆதாரம் வேண்டுமென்றால் அச்சிட வேண்டியதுதான். நான் எழுத்தாளன் ஆனது இப்படி. அதுவரை பதிந்த பாட்டுகளில் முப்பத்திரண்டைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் நாள், இடம், கட்டியவர், பாடியவர், பாட்டு எப்போது உண்டானது என்று எழுதுவது என்று திட்டம். நோட்டில் ஆறாவது கட்டம் கிழித்தேன். இடம் இல்லாததால் ஓரத்தில், சற்றுக் கோணலாக.

கோம்பைப் பாட்டுக்குத்தான் அதிக நாள் பிடித்தது. கேட்டதையெல்லாம் எழுதிக்கொள்வது போதாது, ஒவ்வொரு கண்ணிக்கும் சான்று வேண்டும் என்றேன். அவர் அலுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் கண்ணி, ஏலக்காய் ஒளித்து எடுத்துப் போகிறார்களா என்று சோற்று வாளியைச் சோதிப்பதைப் பற்றியது:

தூக்குவாளி தொறக்கச் சொல்லி கேட்டோரம் நின்னாக
சோத்துக்குள்ள காயிருக்கான்னு கைய விட்டுப் பாத்தாக

“தோட்டத்துல கேட்டு போட்டது கணக்கெழுதுற புது ரைட்டரு வந்த பெறகு. அதுக்கு முன்ன யாரு வாளியத் தொறந்தா? எங்க ஆத்தா காலத்துப் பாட்டுன்னா அதுல கேட்டு எப்படி வரும்?” என்றார். அந்தத் தோட்டத்தில் காவலாளியாக இருந்து ஊர் திரும்பியவர் ஒருவரைப் பார்த்துக் கேட்டேன். கேட் போட்டது 1975 கோடையில் என்றார். அந்தக் கண்ணி 1975க்குப் பிந்தியது என்று குறித்துக்கொண்டேன். முதல் கண்ணியில் ஜீப் வருகிறது. நாலாவதில் அவரோடு வேலை செய்த ஒருத்தி அட்டைப்பூச்சி கடித்து உட்கார்ந்த இடம் வருகிறது. அந்தப் பெண்ணே சாட்சி சொன்னார். ஐந்தாவதில் அவர் வீட்டுக் கூரை வருகிறது.

மூன்றாம் கண்ணி இது:

தொட்டில் கட்ட மரமிருக்கு தூங்கப் பிள்ள கூட இல்ல
மாரு கட்டி வலிக்குதடி மலையிறங்க நேரமில்ல

கைக்குழந்தையைக் கீழே ஊரில் விட்டுவிட்டு வந்தவளின் பாட்டு. ஐந்தில் நல்ல கண்ணி இதுதான். ஜீப்பில் எல்லோரும் கேட்பதும் இதைத்தான் என்றார்கள்.

1985 மே மாதம் பழைய ஸ்பூல்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது, கெங்குவார்பட்டி மாந்தோப்பில் பதிந்த சுருளில் இதே இரண்டு வரியைக் கேட்டேன். வேறு பெண் குரல். ‘மலையிறங்க’ என்ற இடத்தில் மட்டும் ‘தோப்புத் தாண்ட’. பெட்டியின் மேல் என் கையெழுத்தில் ‘கெங்குவார்பட்டி, 1968’ என்று இருந்தது.

டெக்கையும் சுருளையும் எடுத்துக்கொண்டு கோம்பைக்குப் போனேன். அவர் முழுவதும் கேட்டார்.

“இது எம்பாட்டுதான். படிக்கிறது யாரோ.”

“1968னு போட்டிருக்கும்மா. நீங்க மலைக்குப் போனதே எழுபத்தொண்ணுலன்னு சொன்னீக.”

“மலைக்கு முன்ன அங்கன மாங்கா பொறுக்கல? ரெண்டு வருசம் கெங்குவார்பட்டித் தோப்புலதான் கெடந்தேன். மூத்தவ கைப்பிள்ள. எங்க அத்தகிட்ட விட்டுட்டுப் போவேன். அப்பப் பாடுனது. தோப்புத் தாண்டன்னுதான் மொதல்ல பாடுனேன். மலைக்குப் போன பெறகு மலையிறங்கன்னு மாத்திக்கிட்டேன்.”

முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்க எங்க கேட்டீக? கேட்டு போட்டது எப்ப, ஜீப்பு வந்தது எப்பன்னுதான கேட்டீக.”

மகளின் பள்ளிச் சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். பிறந்த தேதி 1-6-1969. அப்படியானால் 1968இல் அந்தக் கைக்குழந்தை பிறக்கவே இல்லை. கண்ணி அவருடையது ஆகாது. இதை நான் சொன்னதும் அவர் மகளைப் பார்த்தார்.

“இவ மாசியில பொறந்தா. செவராத்திரி கழிஞ்சு நாலா நாளு. ஜூன் ஒண்ணு எங்கன இருந்து வந்துச்சு?”

பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் எல்லாப் பிள்ளைக்கும் ஜூன் ஒன்று என்று போடுவது வழக்கம். மாதமும் நாளும் அவர் போட்டது என்றால் வருடமும் அவர் போட்டதாக இருக்கலாம். அந்த மாசி எந்த வருடத்து மாசி என்று அவருக்கு நிச்சயமில்லை. என் பக்கமும் சுத்தமில்லை: 1977 மழையில் கடைக் கூரை ஒழுகி ஸ்பூல் பெட்டிகள் நனைந்தன, நோட்டின் பழைய பக்கங்களில் மை கரைந்துவிட்டது. காய வைத்தபோது சில சுருள்களைப் பெட்டி மாற்றிப் போட்டேன். எவை என்று, எல்லாவற்றையும் எழுதி வைக்கிற நான், எழுதி வைக்கவில்லை.

புத்தகம் பெரியகுளத்தில் ஓர் அச்சகத்தில் கோத்தார்கள். ஜனவரி 1986இல் முதல் புரூஃப் வந்தது. கோம்பைக்குக் கொண்டுபோனேன். மகள் வாசிக்க, அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டாம் கண்ணி வந்ததும் கண்ணைத் திறந்தார்.

“என்னடி வாசிக்கிற?”

“கேட்டோரம் நின்றார்கள், கையை விட்டுப் பார்த்தார்கள். இப்படித்தான் போட்டிருக்கு.”

“இது யாரு? மதுர ஆளு திரும்ப வந்துட்டாரா?”

அச்சுக் கோப்பவர் என்னைக் கேட்காமல் திருத்தியிருந்தார். பெரியகுளம் போய்க் கேட்டபோது அவர் வருத்தப்பட்டார். “புஸ்தகத்துல நின்னாகன்னு போட்டா அச்சாபீசுக்குத்தான சார் கேவலம். உங்களுக்கு நல்லது செய்யணும்னுதான் செஞ்சேன்.” அவரும் வீட்டில் வந்தாக, போனாக என்றுதான் பேசுகிறவர். பழையபடி போடச் சொன்னேன். அடுத்த புரூஃபை அவர் என்னிடம் கொடுத்தபோது, “நின்னாக, பாத்தாக, ரெண்டும் வந்துட்டாக சார்,” என்றார்.

இதைக் கோம்பையில் சொன்னபோது அம்மா சிரித்தார். “சோத்துல கைய விடுறவனுக்கு நான் குடுத்த மருவாதிண்ணே அது. மரியாதையாச் சொன்னாத்தான் அவனுக்கு ஒறைக்கும். பார்த்தார்கள்னா அது ரேடியோ சேதி.”

மூன்றாம் கண்ணிக்கான அடிக்குறிப்பு புரூஃபில் இல்லை, கடைசியில்தான் சேர்த்தேன். பல நாள் யோசித்தேன். ஐந்து கண்ணிக்கும் அவர் பெயரைப் போட்டுவிடலாம். கெங்குவார்பட்டிச் சுருள் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது, யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால், ஆதாரம் என்று ஒரு புத்தகத்தைப் போட்டுவிட்டு அதில் எனக்கே நிச்சயமில்லாததை நிச்சயம் என்று எழுதினால் மதுரைக் கம்பெனியின் அட்டைக்கும் இதற்கும் வித்தியாசமில்லை என்று பட்டது. தலைப்பின் கீழ் ‘கட்டியவர்’ என்று அவர் பெயரைப் போட்டேன். மூன்றாம் கண்ணிக்கு ஒரு நட்சத்திரக் குறி இட்டு, பக்கத்தின் அடியில், “இக்கண்ணியைக் கட்டியவர் யார் என்பது உறுதியாகவில்லை” என்று சேர்த்தேன். அவரிடம் முன்கூட்டிச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

“அந்த ஒண்ண மட்டும் யாருக்குக் குடுக்கிறீக? கெங்குவார்பட்டிக்கா?” என்று கேட்டார்.

“யாருக்கும் குடுக்கலம்மா. தெரியலன்னு எழுதுறேன்.”

“சரி, தெரியலன்னா தெரியலன்னுதான எழுதணும்,” என்றார்.

புத்தகம் 1986 ஏப்ரலில் வந்தது. ஒரு பிரதியைக் கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை வந்தது, கடிதம் வரவில்லை. அந்த வருடம் நவம்பரில் தேனி பஸ் நிலையக் கடையில் அவர்களுடைய புதிய அட்டையைப் பார்த்தேன். கவிஞர் பெயர் இல்லை. கோம்பைக்காரர் பெயர் இருந்தது, ‘இயற்றியவர்’ என்ற சொல்லுக்கு எதிரில், எழுத்துப்பிழை இல்லாமல். இரண்டு கேசட் வாங்கினேன். ஒன்றைக் கோம்பைக்குக் கொடுத்தனுப்பினேன்.

பிறகு நான் பதிவு வேலையைக் குறைத்துக்கொண்டேன். 1988இல் டெக்குகளை விற்றுவிட்டேன். இன்னும் இரண்டு புத்தகங்கள் எழுதினேன். ஒன்று இந்தப் பள்ளத்தாக்கின் மைக் செட்டுகளைப் பற்றி, மற்றது நடவுப் பாட்டுகளைப் பற்றி. ஊரில் இன்னமும் கேசட்டுக்காரர்தான்.

1987 பொங்கல் கழிந்து அவர் மகள் கடைக்கு வந்தாள். புத்தகத்தில் இன்னும் மூன்று பிரதி வேண்டும் என்றாள். ஜீப்பில் அவளே அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினாளாம். தேவாரத்துப் பெண்கள் புத்தகத்தை வாங்கித் தடவிப் பார்த்தார்களாம்.

“அம்மா பாடுறாங்களா?” என்று கேட்டேன்.

“தெனமும் பாடுது சார். ஜீப்பு மலை மெட்டு ஏறுற வரைக்கும்.” பிரதிகளைப் பையில் வைத்துக்கொண்டே சொன்னாள்: “அந்த மூணாவதை மட்டும் விட்டுரும். அவளுக கேட்டாலும் பாடாது. ‘அது இன்னும் உறுதியாகலைல்ல’ங்கும்.”

கோபமாகச் சொல்கிறாரா என்று கேட்டேன். இல்லை, சாதாரணமாகத்தான் என்றாள்.

அதன் பிறகு கெங்குவார்பட்டிக்கு நான்கு முறை போனேன். அந்தத் தோப்பு கைமாறியிருந்தது. சுருளில் பாடிய பெண் யார் என்று சொல்ல யாரும் கிடைக்கவில்லை. சுருளை முழுவதும் போட்டுக் கேட்டதில், பாட்டு முடிந்ததும் என் குரல் “சரிம்மா” என்கிறது; அவ்வளவுதான், தேதி சொல்லவில்லை. பெட்டியில் 1968 என்றும், சான்றிதழில் 1-6-1969 என்றும் இருக்கின்றன. முதலாவது வேறு சுருளுக்கு நான் எழுதியதாகவும், இரண்டாவது தலைமையாசிரியர் தன் வழக்கப்படி எழுதியதாகவும் இருக்கலாம். மூன்றாம் கண்ணியைக் கட்டியவர் கோம்பைக்காரரா என்பது, நான் இதை எழுதும் இன்றுவரை, சரிபார்க்கப்படவில்லை.